மைனஸ் பதினெட்டு

பகாவில் பனிக்காலம்
மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது.
தகரக் கூரை, இரும்புக் கதவு,
கைப்பிடியில் சுற்றிய பழைய டவல்.
காலை ஏழரைக்கு நான்தான் திறக்கிறேன்.

வெளியே ஒன்பது நாளாக
செம்பனைகளை மழை அடித்துக்கொண்டிருக்கிறது.
தோட்டத்தில் குலை வெட்டு இல்லை,
லோரிகள் சேற்றில் அமிழ்ந்து கிடக்கின்றன.
உள்ளே மழை என்ற பேச்சே கிடையாது.
கோழிகள் கல்லாகி அடுக்கில் தூங்க,
குவாந்தான் கணவாய் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு
பிரிய மறுக்கும்.

முதல் ஐந்து நிமிஷம் எனக்குப் பிடிக்கும்.
மூச்சு வெள்ளையாய் வந்து
முகத்துக்கு நேரே நிற்கும்,
நான் ஏதோ சொல்லிவிட்டு
அதைத் திரும்பப் படிப்பதுபோல.
ஆறாவது நிமிஷம் மூக்கு ஒழுகும்.

ஜாக்கெட் பண்டல் கடையில் வாங்கியது.
எட்டு வெள்ளி. முழங்கை வரை நீளும் ஊதா நிறம்.
ஜப்பானிலிருந்து மூட்டையாய் வந்ததாம்.
உள்பையில் கசங்கிய ஒரு டிக்கெட்,
அதில் மலை, கம்பி, தொங்கும் நாற்காலி.
என் ஜாக்கெட்
என்னைவிட அதிகம் ஊர் பார்த்திருக்கிறது.

மாதத்தில் ஒரு செவ்வாய்
சுவரில் ஏறிய பனியைச் சுரண்டுவோம்
நானும் தில்பகதூரும்.
எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத மலாயில்
அவன் கேட்டான்:
'எங்க ஊரில் இது ஹியூ. உங்க பாஷையில் என்ன, அக்கா?'
பனி என்றேன்.
'விடியலில் புல்மேல் உட்காருமே, அது?'
அதுவும் பனி.
'ரோட்டை மறைக்கிற வெள்ளைப் புகை?'
அதுவும்தான்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள்
என்று சிரித்தான்.
இதுவரை அதற்கு மேல் தேவைப்படவில்லை, தம்பி.

வாளியில் அள்ளிப் பின்வாசலில் கொட்டினால்
மழை அதைத் தின்று முடிக்க
ஏழு நிமிஷம் ஆகும்.
அதற்குள் எறிந்துவிட வேண்டும்.
முதல் உருண்டை என் தோளில்.
இரண்டாவது தௌக்கேயின் வேன் கண்ணாடியில்.
நாற்பத்தாறு வயதில் ஓடினேன்,
ரப்பர் பூட்ஸ் களக் களக்கென்று,
மீன்வாடைப் பனியை இரண்டு கையிலும் ஏந்தி.
காய்கறிக்கடை சாவ் மெய் குடையை மடக்கிவிட்டு
கேடயமாய்ப் பிடித்தாள், பிறகு
அவளும் எறிந்தாள்.
மிச்சமிருந்ததில் தில்பகதூர்
ஒரு கைப்பிடி உயரத்தில் மனிதன் செய்தான்.
கண்ணுக்கு இரண்டு மிளகு கேட்டான்.
நான் கொண்டுவருவதற்குள்
அவனுக்குத் தலை இல்லை.

ராத்திரி வந்தது தும்மல்.
ஒன்று, இரண்டு, பதினொன்று வரை
நேசமணி எண்ணிவிட்டுப் புரண்டு படுத்தார்.
'எம்.சி. எடு' என்றார் போர்வைக்குள்ளிருந்து.
எம்.சி. எடுத்தால் ஐம்பது வெள்ளி அலவன்ஸ் போகும்.
ஐம்பது வெள்ளிக்கு எத்தனை தும்மல்?

சட்டி நிறைய வெந்நீர், கோடாலித் தைலம் மூன்று சொட்டு.
துண்டுக்குள் தலையை நுழைத்தேன்.
இது இன்னொரு அறை.
இங்கேயும் வெள்ளையாய்த்தான் மூச்சு.
கண்ணீர், மூக்குநீர், வேர்வை
எல்லாம் ஒரே வழியாய் இறங்க,
பகல் நினைவு வந்து
சட்டிக்குள் சிரித்தேன்.
சிரிப்பு இருமலாகி முடிந்தது.

காலையில் ஜாக்கெட் பையில் டிஷ்யூ தேடினேன்.
மூலையில், தையல் பிரிந்த இடத்தில்,
ஏதோ தட்டுப்பட்டது.
ஒட்டிக்கொண்ட இரண்டு தொண்டை மிட்டாய்.
தாளில் எலுமிச்சையா வேறெதுவா என்று சொல்லமுடியாத
ஒரு பழத்தின் படம்.
அந்த மலையில், அந்த நாற்காலியில்,
பனியைப் பார்த்து வாய் பிளந்து
பிறகு தும்மியிருக்கிறாள் ஒருத்தி.

எத்தனை வருஷத்து மிட்டாயோ.
யோசித்தால் தின்னமுடியாது, யோசிக்கவில்லை.
ஒன்றை நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு
டவல் சுற்றிய கைப்பிடியை இழுத்தேன்.

மூக்கு அடைத்திருந்தது.
என்ன பழம் என்று
கடைசிவரை தெரியவில்லை.